மேசன் கரண்டி யார் கையில் இருக்கிறது?

கேள்வி:

நான் கொழும்பு 15இல் ஒரு தமிழ்மொழிமூலக் கலவன் பாடசாலையில் ஆசிரியர். சாதாரண தர வகுப்புகளுக்கு வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் படிப்பிக்கிறேன். இந்த வருடம் தரம் 10இல் 24 மாணவர்கள், 3 மாணவிகள். போன வருடம் இரண்டு பேர் வந்தார்கள். முதலாம் தவணை முடிய ஒருவர் மனைப்பொருளியலுக்கு மாறிவிட்டார். உயர்தரப் பொறியியல் தொழினுட்பவியல் வகுப்பில் ஒரே ஒரு பெண்பிள்ளை. அதிபர் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறார். காலைக் கூட்டத்தில் பேசினோம், சுவரொட்டி ஒட்டினோம். நான் பாகுபாடு காட்டுபவன் அல்ல. பெண்பிள்ளைகளுக்குப் பாரமான வேலை கொடுப்பதே இல்லை. அவர்கள் செய்முறைக் கொப்பியை அழகாக எழுதித் தருவார்கள், ஆகவே குழுவில் அந்தப் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடுவேன். அப்படி இருந்தும் ஏன் வருகிறார்கள் இல்லை? பெற்றோரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

ஆசிரியர் ஒருவர், கொழும்பு

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் ஒரே இடத்தில் நின்றுவிட்டேன்: ‘செய்முறைக் கொப்பியை அழகாக எழுதித் தருவார்கள்.’ நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. சுவரொட்டியிலும் காலைக் கூட்டத்திலும் அது கிடைக்காது.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் காலத்தில் நில அளவை முகாம் போனபோது எங்கள் குழுவில் ஏழு பேர், நான் மட்டும் பெண். ஒருவன் மட்டம் பார்க்கும் லெவல் கருவியைத் தோளில் போட்டான். இன்னொருவன் அளவு குறித்த நீளக் கோலை, ஸ்டாஃபை, பிடித்தான். அளவுப் புத்தகம் என் கைக்கு வந்தது. “உன்ட கையெழுத்து நல்லம்” என்றார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. முகாம் முடியும்வரை நான் எழுதினேன், அவர்கள் கருவியில் பார்த்தார்கள். குழுவிலேயே எனக்குத்தான் நல்ல புள்ளி.

அப்புறம் வேலைக்குப் போன முதல் மாதம். அடித்தளம் வெட்டிய குழிக்குப் பக்கத்தில் முக்காலியை விரித்து லெவலை வைத்துவிட்டு நிற்கிறேன், குமிழியை நடுவுக்குக் கொண்டுவரத் தெரியவில்லை. ஒரு திருகைத் திருப்பினால் அது இந்தப் பக்கம் ஓடுகிறது, அடுத்ததைத் திருப்பினால் அந்தப் பக்கம். சுற்றி எட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஸ்டாஃப் பிடிக்க வந்த வயதான கையாள் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். “மிஸ், முதல்ல இந்த ரெண்டையும் ஒன்னா உள்ளுக்குத் திருப்புங்க. பொறகு மூணாவத மட்டும்” என்றார். பத்து விநாடியில் குமிழி வட்டத்துக்குள் வந்து நின்றது. நான்கு வருடம் படித்தும் யாரும் எனக்குக் காட்டித் தராதது அது. காட்டித் தரவில்லை என்பதைவிட, நான் தொட வேண்டிய தேவையே வரவில்லை என்பதுதான் சரி.

உங்கள் வகுப்பில் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் நடப்பது இதுவாக இருக்குமோ என்று பயப்படுகிறேன். பாரமான வேலை வேண்டாம், கொப்பி எழுதட்டும் என்று நீங்கள் அன்பாக ஒதுக்கிவிடும்போது, பாடம் அவர்களைவிட்டு ஒதுங்கிப் போய்விடுகிறது. செங்கல்லை வைத்து, கரண்டிப் பிடியால் தட்டி இருத்தி, பிதுங்கி வரும் சாந்தை வழித்தெடுக்கிறபோது கைக்கு ஒரு ருசி பிடிக்கும். அந்த ருசி தெரியாமல் வெறும் கொப்பி எழுதுகிற பிள்ளைக்கு இதுவும் இன்னொரு எழுத்துப் பாடம்தான். எழுத்துப் பாடமே படிப்பதென்றால், தோழிகள் எல்லோரும் இருக்கிற வகுப்பில் போய்ப் படிக்கலாமே? போன வருடம் மாறிப்போன பிள்ளை அப்படித்தான் யோசித்திருக்கும்.

ஆகவே முதல் வேலையாக ஒன்று செய்யுங்கள். அடுத்த செய்முறைப் பாடத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு குழுவிலும் கருவி யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். மாணவர்களிடம் இதைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டு பாடவேளை முடிய அந்தத் தாளைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். அதற்குப் பிறகு குழுவில் நான்கு பொறுப்புகளை வகுத்து, பெயர்களோடு சுவரில் ஒட்டுங்கள்: கட்டுபவர், சுவர் நேராக நிற்கிறதா என்று நூலும் தூக்குக்குண்டும் பார்ப்பவர், சாந்து குழைப்பவர், கொப்பி எழுதுபவர். ஒவ்வொரு கிழமையும் சுற்றி வர வேண்டும். கையெழுத்து மோசமான பையனும் கொப்பி எழுதட்டும். வேலைத்தளத்தில் அளவுப் புத்தகத்தைப் பிழையாக எழுதினால் காசுக் கணக்கும் பிழையாகிவிடும், ஆகவே அவனுக்கும் அது தேவையான பழக்கம்.

மூன்று பேரையும் மூன்று குழுவுக்குப் பிரித்துப் போடாதீர்கள். எல்லாக் குழுவிலும் ஒரு பெண்பிள்ளை இருந்தால் சமநிலை என்று பல பாடசாலைகளில் நினைக்கிறார்கள். நான் அனுபவத்தில் கண்டது வேறு. ஆறு பையன்களுக்கு நடுவில் தனியாக நிற்கிற பிள்ளை, ஒரு கல் சரிந்தால்கூட ‘பொம்பிளைப் பிள்ளை கட்டினது’ என்று ஆகிவிடுமே என்ற பயத்தில் கரண்டியைத் தொடாது. அதே பிள்ளை தன் தோழி இரண்டு பேரோடு நிற்கும்போது கல் சரிந்தால் அது சரிந்த கல், அவ்வளவுதான். பிரித்து எடுத்துத் திரும்பக் கட்டுவார்கள். முதலாம் தவணை மூவரும் ஒரே குழுவில் இருக்கட்டும். கை பழகியபிறகு மற்றவர்களோடு கலந்துவிடுங்கள். உயர்தரத்தில் தனியாக இருக்கும் அந்தப் பிள்ளையையும் இவர்களோடு சேர்த்துவிடலாம். கிழமையில் ஒரு நாள் தரம் 10க்கு வந்து ஒரு கட்டு கட்டிக் காட்டட்டும். அவருக்கும் தனிமை குறையும், இவர்களுக்கும் அடுத்த படியில் யார் நிற்கிறார்கள் என்று தெரியும்.

இன்னொன்று. போன வருடம் தோழி மாறிப்போக, மிஞ்சிய பிள்ளை என்ன ஆனார் என்று நீங்கள் எழுதவில்லை. இப்போது அவர் தரம் 11இல் இருப்பார். அவரைக் கூப்பிட்டு, எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் ‘ஒண்டும் இல்ல சேர்’ என்றுதான் சொல்லுவார். ஆகவே அவருக்குப் பிடித்த ஒரு டீச்சர் மூலம் கேட்பது நல்லது. என் பதிலைவிட அவருடைய பதில் உங்களுக்குப் பயன்படும்.

பாரம் என்ற கதைக்கு வருகிறேன். நம் நாட்டில் சீமெந்துப் பை 50 கிலோ. அதைப் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை தூக்கக் கூடாது என்பது சரி. பதினைந்து வயதுப் பையனும் தூக்கக் கூடாது, ஆசிரியரே. வளரும் முதுகெலும்புக்கு ஆண் பெண் தெரியாது. பையைப் பிரித்து அரை வாளி அரை வாளியாக எடுக்கட்டும், தள்ளுவண்டி வாங்குங்கள், இரண்டு பேராகத் தூக்கப் பழக்குங்கள். வளர்ந்த மனிதர்களுக்கே 50 கிலோ கூடாது என்று 25 கிலோப் பைக்கு மாறிய நாடுகள் இருக்கின்றன. காலிமுகத்திடல் பக்கம் எழும்பியிருக்கிற கட்டடங்களைப் பாருங்கள். கொங்கிரீட் கலவை லொறியில் வந்தது, பம்பில் மேலே போனது, கம்பியைக் கிரேன் தூக்கியது. மனிதக் கைக்கு மிஞ்சுவது கண் நிதானமும் அளவும். மலையகத்தில் கொழுந்துக் கூடையின் பட்டியை நெற்றியில் மாட்டிச் சரிவில் ஏறி இறங்கிய பெண்களின் பேத்திகள் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். அவர்களுக்கு முன்னால் நின்று ‘உங்களுக்கு இது பாரம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எண்ணிக்கை கூடுவதற்கு வழி தரம் 9இல் இருக்கிறது. தரம் 9 முடிகிற நேரம் பாடத்தெரிவுப் படிவம் வீட்டுக்குப் போகும். உங்கள் பாடமும் மனைப்பொருளியலும் ஒரே தொகுதியில் இருக்கின்றன, இரண்டில் ஒன்றுதான் எடுக்கலாம். அந்தப் படிவம் சாப்பாட்டு மேசையில் ஐந்து நிமிடம் இருக்கும். அக்கா மனைப்பொருளியல், அம்மா மனைப்பொருளியல், சரி, இவளும் அதுதான். ஒருமுறையும் கைவைத்துப் பார்க்காத வேலையை அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எப்படித் தெரிவு செய்யும்?

ஆகவே படிவம் போவதற்கு ஒரு மாதம் முன்னால், தரம் 9 முழுவதையும், பையன்களையும் சேர்த்து, ஒரு பின்னேரம் உங்கள் வேலைக்கூடத்துக்குக் கூட்டி வாருங்கள். பேச்சு வேண்டாம். பத்து மீற்றர் வெள்ளை டியூப் ஒன்றும் ஒரு வாளி தண்ணீரும் போதும். நம் மேசன் பாஸ்மார் மட்டம் பார்க்கிற அதே டியூப். ஒரு பிள்ளை ஒரு தூணில் கோட்டுக்கு நேரே டியூப்பைப் பிடிக்க, மற்றப் பிள்ளை மண்டபத்தின் அடுத்த கோடியில் சுவரில் பிடிக்கட்டும். தண்ணீர் ஆடி ஆடி நிற்கும் இடத்தில் பென்சில் கோடு. கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்கோட்டை இருபது அடிக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டோம் என்பது அந்த வயதில் ஒரு மந்திரம் மாதிரி.

இதை நான் ஒரு பாடசாலையில் செய்து பார்த்தேன். ஒரு சோடிக்கு மட்டம் வரவே இல்லை, இரண்டு விரல் வித்தியாசம். பையன்கள் தூண்தான் சரிவு என்றார்கள். பின்னால் நின்ற சின்னப் பிள்ளை ஒன்று டியூப்பைக் கையால் தடவிக்கொண்டே போய், நடுவில் ஓர் இடத்தில் நின்று, “மிஸ், இதுக்குள்ள காத்து இரிக்கி” என்றது. காற்றுக் குமிழிதான். இருந்தால் மட்டம் பொய் சொல்லும். பழைய மேசன்மார் டியூப்பைத் தூக்கி முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு குமிழியை வெளியேற்ற டியூப்பை எப்படிச் சரிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் அதுவே காட்டியது. அந்த வருடம் அது உங்கள் பாடத்தை எடுத்தது.

நேரம் இருந்தால் இன்னொரு வேலையும் செய்யலாம். முளை அடித்து நூல் கட்டி, ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை செங்கோணம். கணித வகுப்பில் பைதகரஸ் என்று படித்தது மைதானத்தில் ஒரு வீட்டின் மூலையாக நிற்கும். கணிதத்தில் கெட்டிக்காரப் பெண்பிள்ளைகள் இதில் மாட்டிக்கொள்வார்கள், பாருங்கள்.

நீங்கள் பேசும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை, ஆனால் நல்ல ஆசிரியர்கள் வாயிலிருந்து இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன்: “பெண்பிள்ளைகளே கட்டிவிட்டார்கள், உங்களால் முடியாதா?” பையன்களை உசுப்பத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ‘ஏ’காரம் பெண்பிள்ளையின் காதில் எப்படி விழும்? நன்றாகக் கட்டிய நேரத்திலேயே, நீ கட்டுவாய் என்று யாரும் நம்பவில்லை என்று சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. சுவர் நிமிர்ந்து நின்றால் “தூக்குக்குண்டு சரியாகப் பார்த்திருக்கிறாய்” என்று வேலையைச் சொல்லிப் பாராட்டுங்கள். சரிந்தால் அதையும் சொல்லுங்கள். பிழை சொல்லாமல் விடுவதும் ஒரு ஒதுக்கல்தான்.

இப்போது, கூச்சப்படாமல் பேச வேண்டிய விடயம். வேலைக்கூடத்துக்குப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு மலசலகூடம் இருக்கிறதா? கதவில் கொண்டி, உள்ளே தண்ணீர், ஒரு குப்பைக் கூடை? என் முதல் வேலைத்தளத்தில் பெண்களுக்கென்று ஒன்றுமே இருக்கவில்லை. காலை ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன், வீட்டுக்குப் போகிறவரைக்கும். கொழும்பு வெயில் உங்களுக்குத் தெரியும். நான்காவது மாதம் சிறுநீர்த் தொற்று முற்றிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை படுத்தேன். அம்மா வேலையை விடச் சொன்னார். நான் விடவில்லை, ஆனால் விட்டுப்போன பெண்களை எனக்குத் தெரியும். ‘அவளுக்குச் சைட் வேலை சரிவரவில்லை’ என்றுதான் அவர்களைப் பற்றி எழுதி வைத்திருப்பார்கள். அதேபோல வேலை அங்கியும் சப்பாத்தும் பிள்ளைகளின் அளவில் வாங்குங்கள். கை நீண்டு தொங்கும் அங்கியோடு துளைபோடும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பது ஆபத்து. பின்னலைச் சுருட்டிக் கட்டுவது, துப்பட்டாவைக் கழற்றி வைப்பது, பர்தா போடும் பிள்ளை என்றால் அதை உள்ளுக்குச் செருகிக்கொள்வது எல்லாவற்றையும் முதல் நாளே பாதுகாப்புப் பாடமாக, எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் பிறகு யாருக்கும் சங்கடம் இல்லை.

பெற்றோர். அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கு விளங்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் உண்டு, அதை மதித்துப் பேசினால் கேட்பார்கள். சைட்டில் தொந்தரவு வராது என்று பொய் சொல்லாதீர்கள், வரலாம். ஆனால் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம், 1995 முதல் அது சட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பஸ்ஸிலும் அலுவலகத்திலும் அதே தொந்தரவு இருக்கிறது, அதற்காக மகளை வேலைக்கு அனுப்பாமல் இருக்கிறோமா? ஆபத்தான வேலை என்று ஓர் அம்மா சொன்னால், வடக்கில் முகமாலையில் கண்ணிவெடி அகற்றிய பெண்களைப் பற்றிச் சொல்லுங்கள். மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி வெடியை எடுத்தவர்களில் எத்தனையோ பேர் பிள்ளை குட்டிக்காரத் தாய்மார்.

பாதையையும் சரியாகச் சொல்லுங்கள், இதில் பலர் குழம்புகிறார்கள். உயர்தரத் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. அதில் பொறியியல் தொழினுட்பவியல் எடுத்தவர்கள் தொழினுட்பவியல் பீடங்களுக்குப் போகலாம், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பீடம் ஹோமாகமவில், யாழ்ப்பாணத்தினுடையது கிளிநொச்சியில். மொறட்டுவையில் பொறியியல் பட்டம்தான் வேண்டும் என்றால் இணைந்த கணிதத்தோடு பௌதிக விஞ்ஞானப் பிரிவு எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்று என்று நம்பி இரண்டு வருடம் படித்துவிட்டு அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். புள்ளி குறைந்தாலும் கதவு அடைபடாது. மருதானைத் தொழினுட்பக் கல்லூரி 1893இலிருந்து இருக்கிறது. என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைப் படிகளில் ஏறி, இரத்மலானையில் இருக்கும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யுனிவோடெக்கில் பட்டம் வரை போகலாம். படவரைஞர், கட்டட அளவும் செலவும் கணக்கிடும் கியூ.எஸ்., நில அளவை, தொழினுட்ப உத்தியோகத்தர் என்று வேலைகள் பல. வெயிலில் கறுத்துப் போவாள் என்று கவலைப்படுகிற அம்மாவுக்கு இதைச் சொல்லலாம். வெயிலில் நிற்க ஆசைப்படுகிற மகளை அதற்காகத் தடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு என்னைப் போன்ற நரைத்த பொறியியலாளரைக் கூப்பிடாதீர்கள். நாட்டின் முதல் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவசேகரம் ஒரு தமிழ்ப் பெண், 1960களின் தொடக்கத்தில் பொறியியல் படித்தவர். அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு தாய்க்கு நம்பிக்கை வருவது பக்கத்துத் தெருப் பிள்ளையைப் பார்க்கும்போதுதான். இருபது, இருபத்திரண்டு வயதில் இப்போது பயிற்சியில் இருக்கிற ஒரு பழைய மாணவியைக் கண்டுபிடியுங்கள். அவர் மேடையில் பேசத் தேவையில்லை. தேநீர் நேரத்தில் தாய்மாரோடு உட்காரட்டும். எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாய், எந்த பஸ், சம்பளம் எவ்வளவு, மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது சொல்கிறார்களா? இவைதான் அவர்கள் கேட்க விரும்பும் கேள்விகள், ஆசிரியரிடம் கேட்க மாட்டார்கள்.

மறுபக்கத்தையும் மறக்காதீர்கள். மனைப்பொருளியல் வகுப்பில் எத்தனை பையன்கள் இருக்கிறார்கள்? கொழும்பு ஹோட்டல்களின் பெரிய சமையலறைகளில் நிற்பவர்களில் அநேகர் ஆண்கள்தானே. ஒரு பையன் வெட்கப்படாமல் அந்த வகுப்புக்குப் போகிற பாடசாலையில், ஒரு பெண்பிள்ளை இந்த வகுப்புக்கு வருவது பெரிய கதையாக இருக்காது. மனைப்பொருளியல் டீச்சரோடு பேசி, அந்தத் தரம் 9 பின்னேரத்தை இரண்டு பேரும் சேர்ந்து நடத்துங்கள்.

ஜூன் 23 சர்வதேசப் பெண் பொறியியலாளர் தினம். அதிபர் விழா எடுக்கச் சொல்லக்கூடும். எடுங்கள், ஆனால் செலவை முதலில் அங்கிக்கும் மலசலகூடக் கொண்டிக்கும் ஒதுக்கிவிட்டு மிஞ்சியதில் எடுங்கள்.

கருவி யார் கையில் இருந்தது என்று நீங்கள் குறித்த தாளை எனக்கு அனுப்பி வையுங்கள், பெயர்கள் வேண்டாம், கோடுகள் போதும். தரம் 9 பின்னேரத்துக்கு நாள் குறித்தால் அதையும் எழுதுங்கள். லெவல் கருவி ஒன்றைக் கொண்டு வருகிறேன். திருகு மூன்றையும் எப்படித் திருப்புவது என்று அந்த மூன்று பிள்ளைகளுக்கு முதலில் காட்டித் தருகிறேன், மற்ற 24 பேருக்கும் அவர்கள் காட்டட்டும்.